பார்சலுக்கு ஒரு முத்திரை: பெயர் அச்சிட்ட டேப் வாங்கும் முன்

(நமது அறக்கட்டளையின் சிறுதொழில் வழிகாட்டிக் கூட்டத்தில், வீட்டிலிருந்தே வியாபாரம் செய்யும் குடும்பங்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய தலைப்பு பார்சல் டேப். அறிவிப்பைப் பார்த்த ஒரு பெரியவர், "டேப் ஒட்டுவதற்கெல்லாம் ஒரு பயானா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கொஞ்ச காலம் முன்பு வரை நாங்களும் அப்படித்தான் கேட்டிருப்போம். ஒரு சகோதரிக்கு நடந்த விஷயம்தான் எங்களை யோசிக்க வைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அந்தச் சகோதரி நம்மிடம் வட்டியில்லாக் கடன் வாங்கி, தெரிந்த தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பவர். வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காக இரண்டு பட்டுச் சேலை கேட்டார். பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார். சகோதரி இரண்டையும் மடித்து அட்டைப் பெட்டியில் வைத்து, பக்கத்துக் கடையில் வாங்கிய பிரவுன் டேப்பை ஒட்டி அனுப்பினார். நான்காம் நாள் போன் வந்தது. "பெட்டியில் ஒரு சேலைதான் இருக்கிறது."

சகோதரி இரண்டு வைத்ததாகச் சொல்கிறார். வாங்கியவர் ஒன்றுதான் வந்தது என்கிறார். பார்சல் ஆபீஸில், பெட்டி ஒட்டிய நிலையில்தான் கொடுத்தோம் என்கிறார்கள். பெட்டியின் மேல் டேப் இரண்டு அடுக்காக இருந்ததாம். அது சகோதரி பத்திரத்துக்காக இரண்டு முறை ஒட்டியதா, வழியில் யாரோ வெட்டிவிட்டு மறுபடி ஒட்டியதா? சகோதரிக்கே சரியாக நினைவில்லை. அந்த பிரவுன் டேப் எந்த ஊரிலும், எந்தக் கடையிலும் கிடைக்கிற டேப். அது யார் கையால் ஒட்டப்பட்டது என்று சொல்ல அதில் ஒரு அடையாளமும் இல்லை.

கடைசியில் சகோதரி ஒரு சேலையின் விலையைத் திருப்பிக் கொடுத்தார். கடன் தவணை மூன்று மாதம் தள்ளிப்போனது. அதைக் குழு ஏற்றுக்கொண்டது. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு மூன்று பேர் மேல் சந்தேகம் விழுந்தது. விற்றவர் மேல், வாங்கியவர் மேல், கொண்டுபோன பையன் மேல். மூன்று பேரில் குறைந்தது இரண்டு பேர் நிரபராதிகள். அவர்கள் தங்களை நிரூபிக்க வழியில்லாமல் போனது. டெலிவரி வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் தெருக்களிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள்! நாளைக்கு யாரோ ஒட்டிய டேப்புக்காக நம் பிள்ளை பழி சுமக்கக் கூடாது.

தவறு எங்கள் பக்கமும் இருந்தது. கடன் கொடுத்தோம். கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தோம். பார்சல் கட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கூட்டம்.

அரக்கு முத்திரையும் மஞ்சள் பையும்

இது புதிய பிரச்சினை இல்லை. அந்தக் காலத்தில் தபாலில் விலையுயர்ந்த பொருள் அனுப்பினால் வெள்ளைத் துணியில் சுற்றித் தைப்பார்கள். தையல் மேல் இடைவெளி விட்டு அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை பதிப்பார்கள். நம் பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும். முத்திரை உடைந்திருந்தால் வாங்குபவர் தபால்காரர் முன்னாலேயே சொல்லிவிடுவார். நபி (ஸல்) அவர்கள் வெளிநாட்டு அரசர்களுக்குக் கடிதம் அனுப்ப நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டதால், வெள்ளி மோதிரத்தில் முத்திரை செய்துகொண்டார்கள் என்ற செய்தியை நாம் ஹதீஸ்களில் கேட்டிருக்கிறோம். அனுப்பியவர் யார் என்பதற்கும், நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கும் முத்திரைதான் சாட்சி.

பெயரை ஊருக்குச் சொல்லும் வேலையை நம் காஞ்சிபுரத்தில் மஞ்சள் பை செய்தது. காந்தி ரோட்டுக் கடைகளில் கல்யாணப் பட்டு எடுத்தால், கடைப் பெயர் போட்ட பையில்தான் சேலை வெளியூர் போகும். பல வருடம் கழித்தும் அந்தப் பை யார் வீட்டிலோ அரிசி சுமந்துகொண்டிருக்கும். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியதும் அந்தப் பழக்கத்தை நினைவுபடுத்தித்தான்.

இன்று வாடிக்கையாளர் கடைக்கு வருவதில்லை. பெட்டிதான் அவர் வீட்டுக்குப் போகிறது. அரக்கு முத்திரை செய்த வேலையையும் மஞ்சள் பை செய்த வேலையையும் சேர்த்துச் செய்யக்கூடியது பெயர் அச்சிட்ட டேப். ஆனால் இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று இடிக்கிற இடமும் உண்டு. அது தெரியாமல் வாங்கினால் காசும் வீண், பாதுகாப்பும் இல்லை.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எல்லோருக்கும் அச்சிட்ட டேப் தேவையில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். சேலைப் பெட்டி 40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நடுவில் ஒரு பட்டை, கீழே நடுவில் ஒரு பட்டை, இருபுறமும் 6 சென்டிமீட்டர் மடிந்து இறங்க வேண்டும். ஒரு பட்டைக்கு 52 சென்டிமீட்டர், இரண்டுக்கும் 104. கடையில் கிடைக்கும் வழக்கமான ரோல் 65 மீட்டர். அப்படியானால் ஒரு ரோலில் சுமார் 62 பெட்டி ஒட்டலாம். விலையுயர்ந்த பொருளுக்கு ஓரங்களையும் ஒட்ட வேண்டும். அப்போது நான்கு ஓரத்துக்கும் தலா 42 சென்டிமீட்டர் கூடி, ஒரு பெட்டிக்கு 272 சென்டிமீட்டர் ஆகும். ஒரு ரோலில் 23 பெட்டிதான் வரும்.

அச்சிட்ட டேப்பை ஒரு ரோல், இரண்டு ரோலாகப் பெரும்பாலும் தரமாட்டார்கள். இரண்டு அங்குல டேப் ஒரு பெட்டிக்கு 72 ரோல் வருவது வழக்கம். குறைந்தது ஒரு பெட்டியாவது எடுக்கச் சொல்வார்கள். 72 ரோல் என்றால், நடுப்பட்டை மட்டும் ஒட்டினால் 4,464 பெட்டி. நீங்கள் வாரம் 10 பார்சல் அனுப்புபவர் என்றால் அது எட்டு வருடத்துக்கு மேல் வரும்! டேப்பின் பசை அவ்வளவு காலம் தாங்காது. ஒரு வருடத்துக்குள் தீர்க்க முடிந்த அளவு வாங்குவதே நல்லது. வெயில் படும் பரணில் போட்டு வைத்தால் அதற்கு முன்பே பசை காய்ந்து, ஓரம் தூசி பிடித்துவிடும்.

ஆகவே வாரம் பத்து, பதினைந்து பார்சல் அனுப்பும் வீட்டுக்குச் சாதாரண டேப்பும், அதன் மேல் குறுக்கே ஒட்டும் அச்சிட்ட ஸ்டிக்கரும் போதும். ஸ்டிக்கர் கொஞ்சமாகவும் அச்சடித்துத் தருவார்கள். பாதி டேப்பிலும் பாதி அட்டையிலும் விழும்படி ஒட்டுங்கள். தினமும் பத்துப் பார்சலுக்கு மேல் போகிறது என்றால் அச்சிட்ட டேப்பைப் பற்றி யோசிக்கலாம். மாதத்துக்கு நாலைந்து பார்சல், ஆனால் ஒவ்வொன்றும் விலையுயர்ந்தது என்றால் பிரித்தால் காட்டிக்கொடுக்கும் 'வாய்டு' டேப்போ லேபிளோ பாருங்கள். அதை உரித்தால் மறைந்திருக்கும் எழுத்து வெளியே தெரியும். மறுபடி ஒட்டினாலும் எழுத்து மறையாது. விலை அதிகம். ஆனால் பெட்டிக்கு ஒரு துண்டு போதும்.

டேப்பைப் பார்த்து வாங்குவது எப்படி

நாம் செல்லோ டேப், பிரவுன் டேப் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் 'பாப்' டேப் என்ற ஒரே வகை. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இழுத்து மெல்லிய தாளாக்கி, ஒரு பக்கம் பசை பூசியது. இதில் நான்கு விஷயம் கேளுங்கள்.

ஒன்று, அகலம். 48 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம், சேலைப் பெட்டிக்குப் போதும். கனமான பெரிய பெட்டிக்கு 72 மில்லிமீட்டர், மூன்று அங்குலம்.

இரண்டு, கனம். இதை மைக்ரான் என்பார்கள். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கும் பசையும் சேர்த்து 40 மைக்ரானுக்குக் குறையாமல் கேளுங்கள். மெல்லியதாக இருந்தால் இழுக்கும்போதே கோணலாகக் கிழியும். ஒட்டவே இரண்டு சுற்று வேண்டும். அதில் மிச்சம் எங்கே?

மூன்று, பசை. நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் பசை. வெயிலையும் நாளையும் ஓரளவு தாங்கும். ஒட்டியபின் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இன்னொன்று ஹாட்மெல்ட், சூட்டில் உருக்கிப் பூசும் ரப்பர் பசை. ஒட்டிய உடனே கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் கடும் சூட்டில் இளகும். சித்திரை, வைகாசியில் பார்சல் வண்டிக்குள் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். கோடையில் அனுப்புபவர்களுக்கு அக்ரிலிக் நல்லது. சோதனையும் சுலபம். ஒரு காலிப் பெட்டியில் பழைய துணியைத் திணித்து ஒட்டி, இரண்டு நாள் மொட்டை மாடியில் போடுங்கள். ஓரம் தூக்கினால் அந்த டேப் வேண்டாம்.

நான்கு, நீளம். இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. 65 மீட்டர் என்று எழுதியிருக்கும், உள்ளே குறைவாக இருக்கும். நடு அட்டை உருளையைத் தடிமனாக்கி ரோலைப் பெரிதாகக் காட்டுவதும் உண்டு. ஒவ்வொரு ரோலையும் பிரித்து அளக்க முடியாது. ஆனால் தராசில் வைக்கலாம். 48 மில்லிமீட்டர் அகலம், 65 மீட்டர் நீளம், 40 மைக்ரான் கனம் என்றால் டேப் மட்டும் ஏறக்குறைய 115 முதல் 120 கிராம் வர வேண்டும். தீர்ந்துபோன ரோலின் அட்டை உருளையைத் தனியாக எடை போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். 90 கிராம்தான் வருகிறது என்றால் நீளமோ கனமோ குறைகிறது என்று அர்த்தம். விலை குறைவான டேப் உண்மையில் விலை குறைவா என்பது அப்போது தெரியும். அளவையில் குறைப்பதை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்று நாம் அறிவோம். விற்கும்போது மட்டுமல்ல, வாங்கும்போதும் அளவைக் கவனிப்பது நம் கடமை.

காகித டேப்பும் இருக்கிறது. அட்டையோடு சேர்த்தே பழைய பேப்பருக்குப் போடலாம். தண்ணீர் தொட்டு ஒட்டும் வகை அட்டையோடு ஒன்றாகிவிடும். அட்டையைக் கிழிக்காமல் எடுக்க முடியாது என்பதால் முத்திரைக்கு மிக நல்லது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் விட்டுவிடும் அபாயம் உண்டு. மழைக்காலத்தில் பெட்டிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டால்தான் சரிவரும்.

என்ன அச்சிடுவது

அச்சிடும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளாக் செய்ய வேண்டும். நிறம் கூடக் கூடச் செலவு. வெள்ளை டேப்பில் ஒரே அடர்ந்த நிறம் போதும். பிரவுன் டேப்பில் கறுப்பு எழுத்துச் சரியாகத் தெரியாது. மையை மேலே அச்சிடுகிறார்களா, பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் நடுவில் அச்சிடுகிறார்களா என்று கேளுங்கள். நடுவில் அச்சிட்டால் உரசலில் அழியாது.

தமிழில் அச்சிடுபவர்கள் புள்ளியைக் கவனிக்க வேண்டும். இது நாங்கள் பட்ட அனுபவம். வெளியூரில் எங்களுக்காக அச்சடித்து வந்த முதல் மாதிரியில் மெய்யெழுத்துகளின் புள்ளி பாதிக்குமேல் காணவில்லை. சிறிய எழுத்தாகக் கொடுத்திருந்தோம். ஓடும் பிளாஸ்டிக்கில் சின்னப் புள்ளி பிடிக்கவில்லை. 'பட்டு' என்பது 'படடு' ஆகி நின்றது. அச்சகத்தின் மேல் குற்றமில்லை. அங்கே வேலை செய்பவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தைப் பெரிதாகக் கொடுக்காதது எங்கள் தவறு. எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருக்கட்டும். கணினியில் டிசைன் செய்பவரிடம், எழுத்துருவைப் படமாக மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கே திறக்கும்போது எழுத்துகள் இடம் மாறிவிடும். போனில் வரும் புரூஃபை மட்டும் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். டேப்பிலேயே அச்சிட்ட ஒரு முழம் மாதிரியை வரவழைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எழுத வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, உங்கள் கடையின் சுருக்கப் பெயர் அல்லது அடையாளம். இரண்டு, "டேப் வெட்டப்பட்டிருந்தால் பார்சலை வாங்காதீர்கள்" என்ற எச்சரிக்கை. நம் சேலைகள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகின்றன. எனவே எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இருக்கட்டும். இடம் இருந்தால், "பிரிக்கும் முன் வீடியோ எடுங்கள், பிளேடை ஆழமாக இறக்காதீர்கள்" என்றும் சேர்க்கலாம். பிளேடு பட்டு மேல் சேலை கிழிந்துவிட்டது என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! எழுதினாலும் சிலர் படிக்கமாட்டார்கள். அதனால் சேலைக்கு மேல் ஒரு அட்டையையும் வைத்து மூடுங்கள்.

போன் நம்பரை டேப்பில் போடாதீர்கள். நம்பர் மாறினால் மீதி ரோல் எல்லாம் வீண். அதை முகவரிச் சீட்டில் எழுதுங்கள்.

எதை அச்சிடக் கூடாது

பெயரைப் பரப்புவதும் பொருளைக் காப்பதும் இடிக்கும் இடம் என்று முன்பு சொன்னோம். அது இங்கேதான். 'பட்டு', 'சில்க்ஸ்' என்று டேப்பில் பெரிதாக அச்சிட்டால், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று போகும் வழியெல்லாம் பறைசாற்றுகிறோம். திருடக் கூடாது என்று ஒட்டுகிற டேப்பே திருடனுக்கு விலாசம் சொல்லக் கூடாது. கடைப் பெயரில் அந்தச் சொல் இருந்தால் முதல் எழுத்துகளையோ ஒரு சின்ன உருவத்தையோ மட்டும் போடுங்கள். வாடிக்கையாளருக்கு அது போதும். முழுப் பெயரையும் உள்ளே வைக்கும் சீட்டில் அழகாக அச்சிடலாம்.

அடுத்து, பிஸ்மில்லாஹ், 786, பிறை, பள்ளிவாசல் படம். நல்ல எண்ணத்தில்தான் பில் புத்தகத்திலும் கவரிலும் போடுகிறோம். ஆனால் டேப் என்பது பிளேடால் அறுக்கப்படுவது. கசக்கிக் குப்பையில் போடப்படுவது. தெருவில் கிடந்து மிதிபடுவது. கண்ணியமான பெயருக்கு அது இடமில்லை. பிஸ்மில்லாஹ்வை வாயால் சொல்லி ஒட்டுவோம், டேப்பில் அச்சிட வேண்டாம். அதே காரணத்துக்காகக் கோயில் கோபுரப் படமும் வேண்டாம். காஞ்சிபுரம் என்றதும் டிசைன் செய்பவர்கள் கோபுரத்தைத்தான் போடுவார்கள். நம்மிடம் வாங்குபவர்களிலும், நமக்கு நெய்து தருபவர்களிலும் பெரும்பாலோர் அதை வணங்குபவர்கள். அவர்கள் போற்றுவது நம் டேப்பில் அறுபட வேண்டாம். மேலும் கோபுரமும் சிங்கத் தூணும் சேர்ந்தது தமிழக அரசின் இலச்சினை. அதைப் போன்ற படத்தை வியாபாரத்தில் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது.

மூன்றாவது, உரிமையில்லாத முத்திரைகள். 'காஞ்சிபுரம் பட்டு' 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயர் இந்த வட்டாரத்தில் முறைப்படி நெய்த பட்டுக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு. வெளியூர் விசைத்தறியில் ஓடிய சேலைக்கு அந்தப் பெயரைப் போட்டால், கோர்வை போட்டு நாள் கணக்கில் தறியில் உட்கார்ந்த நெசவாளியின் கூலியைத்தான் நாம் எடுக்கிறோம். சில்க் மார்க் 2004இல் மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் வந்தது. கைத்தறி முத்திரை 2006இல் வந்தது. இவை அனுமதி பெற்றவர்கள் சேலையோடு இணைக்கும் சீட்டுகள். டேப்பில் நாமாக அச்சிட்டுக்கொள்ளும் அலங்காரம் அல்ல. வட்டத்துக்குள் 'ஆர்' என்ற எழுத்தையும் டிசைன் செய்பவர் அழகுக்காகச் சேர்ப்பார். பதிவான வர்த்தகக் குறிக்கு மட்டும்தான் அது. பதிவு செய்யாமல் போடுவது சட்ட மீறல்.

மசாலா, இனிப்பு செய்து அனுப்பும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், தயாரித்த தேதி, எடை, விலை எல்லாம் பாக்கெட்டின் மேல் இருக்க வேண்டியவை. வெளிப்பெட்டியின் டேப்பில் இருப்பது அதற்கு ஈடாகாது.

ஒட்டும் முறை

டேப் எவ்வளவு நல்லதானாலும் ஒட்டும் கை சரியாக இல்லையென்றால் பயனில்லை. சேலையைப் பருத்தித் துணியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஜரிகைக்கு ஈரம் ஆகாது. டேப் எந்த இடத்திலும் சேலையைத் தொடக் கூடாது. பெட்டியின் தூசியைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பழைய பெட்டி, ஏற்கெனவே டேப் உரித்த பெட்டி வேண்டாம். மேலே மட்டும் அச்சிட்ட டேப், கீழே சாதாரண டேப் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். பிரிக்க நினைப்பவன் கீழ்ப்பக்கத்தைத்தான் பிரிப்பான்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இழுப்பில் ஒட்டுங்கள். அச்சு வரிசையாகப் போகும்போது நடுவில் யாராவது வெட்டி மறுபடி ஒட்டினால் எழுத்து இடறும். அதுதான் அச்சிட்ட டேப்பின் பலமே. பிறகு அழியாத மார்க்கரால் பாதி டேப்பிலும் பாதி அட்டையிலும் விழும்படி கையெழுத்துப் போட்டு, ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள். பொருளை உள்ளே வைப்பதையும், பார்சல் ஆபீஸ் தராசில் காட்டும் எடையையும் படமெடுங்கள். வாடிக்கையாளருக்கு அந்தப் படங்களை அன்றே அனுப்பிவிடுங்கள். பார்சல் கைக்கு வரும்போது அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிரிக்கும் வீடியோ கேட்பதை, "உங்களை நம்பவில்லை" என்ற தோரணையில் கேட்காதீர்கள். "உங்களுக்கும் எங்களுக்கும், கொண்டுவரும் தம்பிக்கும் பாதுகாப்பு" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

பிளாஸ்டிக் கவரில் அனுப்புபவர்கள் கவனிக்க. அட்டையிலிருந்து டேப்பை உரித்தால் அட்டையின் மேல்தாளும் சேர்ந்து வரும், தெரிந்துவிடும். பிளாஸ்டிக் கவரில் ஒட்டிய டேப்பைச் சூடு காட்டி மெதுவாக உரித்தால் தடமே இருக்காது. கவருக்கு, தானே ஒட்டிக்கொள்ளும் பாதுகாப்பு உறைதான் சரி.

எந்த டேப்பும் பூட்டு அல்ல. துணிந்தவன் வெட்டத்தான் செய்வான். வெட்டியது தெரியாமல் போகாது என்பது மட்டுமே டேப் தரும் உறுதி. விலையுயர்ந்த பார்சலுக்கு இன்சூரன்ஸும் போடுங்கள்.

நாம் சேர்ந்து செய்யக்கூடியது

ஒரு குடும்பத்துக்கு 72 ரோல் அதிகம். பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஆளுக்கு ஏழு ரோல்தான். ஆகவே எச்சரிக்கை வாசகம் மட்டும் அச்சிட்டு, நடுநடுவே பெயர் எழுத வெற்றிடம் விட்ட பொது டேப் ஒன்றை வரவழைக்கலாம் என்று யோசனை வைக்கிறோம். அவரவர் கடைப் பெயரை மார்க்கரால் எழுதியோ, ஸ்டிக்கர் ஒட்டியோ கொள்ளலாம். மார்க்கர் அந்த டேப்பில் பிடிக்கிறதா என்று மாதிரியிலேயே எழுதிப் பார்த்துக்கொள்வோம். விருப்பமுள்ளவர்கள், மாதம் எத்தனை பார்சல் அனுப்புகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அடக்க விலைதான், லாபம் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. ரோல் உங்கள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. "அவசரத்துக்கு ஒரு ரோல் கொடுங்கள்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முத்திரை ஊரெல்லாம் இருந்தால் அது முத்திரை இல்லை. பார்சல் ஆபீஸில் வைத்து ஒட்டச் சொல்லி விட்டுவரவும் வேண்டாம். எவ்வளவு வேலை இருந்தாலும் நம் கையால் ஒட்டிக் கொடுப்போம்.

அந்தச் சகோதரியும் இன்று இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். மாஷா அல்லாஹ், கடனை முழுதாக அடைத்துவிட்டார். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் கையெழுத்துப் போட்டு, படமெடுத்துத்தான் அனுப்புகிறார். அந்த ஒரு சேலை எங்கே போனது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த வாடிக்கையாளர் அதன் பிறகு வாங்கவில்லை. அவர் உண்மை சொன்னவராக இருந்தால், நம் மேல் எவ்வளவு மனக்கசப்போடு போயிருப்பார்! பையன் எடுக்காதவனாக இருந்தால், அவன் மேல் நாம் வைத்த எண்ணத்துக்கு யார் பதில் சொல்வது?

ஒருவர் பணம் கொடுத்த பிறகு, பொருள் அவர் கைக்குப் போகும் வரை அது நம்மிடம் இருக்கும் அமானத். அதைப் பத்திரமாக ஒப்படைப்பதோடு, நடுவில் நிற்கும் யார் மேலும் வீண் பழி விழாமல் பார்த்துக்கொள்வதும் அந்த அமானத்தில் சேர்ந்ததுதான். இரண்டு அங்குல டேப்தானே என்று நினைக்காமல் பார்த்து வாங்குவோம், பார்த்து ஒட்டுவோம்.

அல்லாஹ் நம் அனைவருடைய வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.